உறைபனியை வென்ற கைக்குட்டை

"பனி பெய்கிறது, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போ" என்று மார்கழி, தை மாதங்களில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மழை பெய்வதைப் போலவே பனியும் வானத்திலிருந்து பெய்கிறது என்பது நம் பேச்சிலேயே ஊறிப் போன எண்ணம். நாம் மட்டும் அல்ல, ஐரோப்பியரும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினர். பனி 'விழுகிறது' என்றே அவர்களும் சொல்லி வந்தனர்.

உண்மையில் பனி பெய்வதும் இல்லை, விழுவதும் இல்லை. ஆனால் தலையில் துண்டு போட்டுக்கொள்வது மட்டும் முற்றிலும் சரியான செயல்! காரணம் தவறாக இருக்க, செயல் சரியாக அமைந்துவிடும் இத்தகைய விந்தைகள் அறிவியல் வரலாற்றில் பல உண்டு. அவற்றுள் ஒன்றைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம். உறைபனியிலிருந்து செடிகளைக் காக்க உலகெங்கும் தோட்டக்காரர்கள் கையாண்ட ஓர் எளிய முறையும், அதன் காரணத்தை மனிதன் கண்டுபிடித்த வரலாறும் நம் நாட்டுடன் நெருங்கிய தொடர்பு உடையவை.

திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு உறைபனியைப் பற்றி எழுதுவதா என்று நீங்கள் கேட்கலாம். கோடைக் காலத்தில் தமிழ்நாட்டின் வெப்பநிலைப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் முன்வரிசையில் இடம்பெறும் ஊர் இது. இங்கே தண்ணீர் தானாக உறைந்ததை எவரும் கண்டதில்லை. ஆனால் இதே மாநிலத்தில், கடல்மட்டத்திற்கு 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில், ஆண்டுதோறும் குளிர்காலத்தில் புல்வெளிகள் உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கின்றன. சுற்றுலா வந்தவர்களுக்கு அது வேடிக்கை. ஓர் ஏக்கரில் உருளைக்கிழங்கு போட்டிருக்கும் விவசாயிக்கோ, அரை ஏக்கர் தேயிலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கோ அது வேடிக்கை அல்ல. மாலையில் பச்சைப் பசேலென்று நின்ற பயிர், மறுநாள் வெயில் ஏறியதும் தீயில் வாட்டியதுபோல் கருகி நிற்கும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் கருகுவதில்லை.

நீர்ப்பனியும் உறைபனியும்

நீலகிரி மக்கள் பனியை இரண்டு பெயர்களால் குறிப்பிடுகின்றனர். இலைமேல் நீர்த்துளிகளாகத் தங்குவது நீர்ப்பனி. வெண்மையான படிகங்களாகப் படிவது உறைபனி. காற்றிலுள்ள நீராவி, தன்னைவிடக் குளிர்ந்த ஒரு பரப்பைத் தொடும்போது நீராகிறது. அந்தப் பரப்பு 0 டிகிரி சென்டிகிரேடுக்கும் கீழே குளிர்ந்திருந்தால், நீராவி நேரடியாகவே பனிக்கட்டிப் படிகமாக மாறிவிடுகிறது. ஆகவே பனி உண்டாகும் இடம் வானம் அன்று, இலையின் மேற்பரப்பே.

இந்த வெள்ளைப் படிகங்கள் இலையைக் கொல்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையான சேதம் இலையின் உள்ளே நிகழ்கிறது. உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீர் முதலில் உறைகிறது. அவ்வாறு தோன்றிய பனிக்கட்டி, அருகிலுள்ள உயிரணுக்களிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. உயிரணு வற்றிச் சுருங்குகிறது. அதன் சவ்வு சிதைகிறது. பகல் வந்து பனி உருகிய பின் அந்தச் சவ்வினால் நீரைப் பிடித்து வைக்க முடிவதில்லை. இலை துவண்டு கருகுகிறது. குளிரால் செத்த இலையும் வறட்சியால் செத்த இலையும் ஒரே தோற்றத்துடன் இருப்பது இதனால்தான்.

பருவத்தின் முதல் உறைபனியே பெரும்பாலும் கொடியது. குளிர் படிப்படியாக ஏறினால் பல செடிகள் தம் உயிரணுச் சாற்றில் சர்க்கரை முதலிய பொருள்களைச் சேர்த்துக்கொண்டு ஓரளவு பழகிவிடும். எதிர்பாராமல் முன்கூட்டியே வரும் உறைபனி, பழக்கமற்ற இளந்தளிர்களைத் தாக்குகிறது. நீலகிரியில் வடகிழக்குப் பருவமழை மேகங்கள் வானத்தை மூடியிருக்கும் வரை அச்சம் இல்லை. மழை விரைவில் ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டால் நவம்பரிலேயே அபாயம் தொடங்கிவிடும்.

மேகத்திற்கும் உறைபனிக்கும் என்ன தொடர்பு? இக்கேள்விக்கு விடை தெரிய 1814 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தோட்டக்காரரின் பாயும் புலவரின் சிரிப்பும்

உறைபனியுடன் மனிதன் நடத்திய போர் மிகப் பழமையானது. கி.பி. 79இல் மறைந்த ரோமானிய அறிஞர் பிளினி, உறைபனி அச்சம் ஏற்படும் நாளில் திராட்சைத் தோட்டத்தில் சருகுகளையும் வைக்கோலையும் குவித்து எரித்துப் புகை மூட்டும்படி எழுதி வைத்திருக்கிறார். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களோ இன்னும் எளிய முறை ஒன்றைக் கையாண்டனர். மாலையானதும் மென்மையான செடிகளுக்கு மேலே ஒரு மெல்லிய பாயையோ துணியையோ விரித்துவிடுவார்கள். காலையில் பார்த்தால் பாயின் கீழே இருந்த செடி பிழைத்திருக்கும். பக்கத்தில் திறந்து கிடந்த செடி கருகியிருக்கும்.

படித்தவர்கள் இதை நம்பவில்லை. அவர்கள் வாதத்திலும் நியாயம் இருப்பதுபோல் தோன்றியது. செடியைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்துள்ள காற்று. பாய் நான்கு பக்கமும் திறந்திருக்கிறது. அதே குளிர்ந்த காற்று பாயின் கீழும் தாராளமாக நுழைகிறது. அப்படியிருக்க, காகிதம்போல் மெல்லிய ஒரு பாய் செடியை எப்படிக் காக்க முடியும்?

இவ்வாதத்தில் ஒரே ஒரு பிழை இருந்தது. செடியைக் குளிர்விப்பது காற்று என்று அவர்கள் சோதித்துப் பார்க்காமலே ஏற்றுக்கொண்டனர். அது தவறு என்பதற்கான சான்று, ஐரோப்பாவிலிருந்து பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால், வெப்ப நாடாகிய இந்தியாவில், மண்சட்டிகளில் கிடைத்தது.

வங்காளத்தில் பனிக்கட்டி அறுவடை

பதினெட்டாம் நூற்றாண்டில் அலகாபாத், காசி, கல்கத்தா ஆகிய இடங்களில் குளிர்காலத்தில் பனிக்கட்டி செய்யும் தொழில் நடந்து வந்தது. இயந்திரம் எதுவும் கிடையாது. கம்பெனிப் படையில் தளபதியாக இருந்த சர் ராபர்ட் பார்க்கர் 1775இல் இலண்டன் ராயல் சங்கத்தின் இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

திறந்த வெளியில் 30 அடிச் சதுரத்தில், 2 அடி ஆழத்தில் பள்ளங்கள் வெட்டுவார்கள். அவற்றின் அடியில் காய்ந்த கரும்புத் தோகையையோ சோளத்தட்டையையோ எட்டு அங்குலம் முதல் ஓர் அடி கனத்திற்குப் பரப்புவார்கள். அதன்மேல் ஒன்றேகால் அங்குல ஆழமே உள்ள, மெருகு பூசாத சிறிய மண்தட்டுகளை வரிசையாக நெருக்கி வைப்பார்கள். மாலை மங்கியதும் காய்ச்சி ஆறவைத்த நீரை அவற்றில் ஊற்றுவார்கள். மறுநாள் சூரியன் உதிக்குமுன் தொழிலாளர்கள் வந்து, தட்டுகளில் உறைந்திருக்கும் பனிக்கட்டியைக் கூடைகளில் சேகரித்து, ஆழமான சேமிப்புக் குழியில் கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள்.

அப்பகுதிக் குளங்களில் இயற்கையாகப் பனிக்கட்டி உண்டானதைத் தாம் கண்டதே இல்லை என்று பார்க்கர் கூறுகிறார். 1793இல் காசியில் நடந்த இதே தொழிலைப் பற்றி லாயிட் வில்லியம்ஸ் என்பவர் எழுதியபோது, அதைவிட வியப்பான செய்தி ஒன்று வெளிவந்தது. காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருக்கும்போதே தட்டுகளில் நீர் உறைந்தது!

காற்று உறைநிலைக்கு வராதபோது, அதன் நடுவே இருக்கும் நீர் மட்டும் எப்படி உறைந்தது? மண்பானையில் நீர் குளிர்வதைப்போல், ஆவியாதலால் குளிர்ந்தது என்று அக்கால அறிஞர்கள் விளக்கினர். ஆனால் அந்தத் தொழிலாளர்களுக்கு வேறொன்று தெரிந்திருந்தது. வானம் தெளிவாகவும் காற்று அசையாமலும் இருக்கும் இரவுகளிலேதான் நல்ல விளைச்சல் கிடைக்கும். மேகம் வந்தாலோ காற்று எழுந்தாலோ பனிக்கட்டி இல்லை. காற்று வீசினால் ஆவியாதல் மிகும் அல்லவா? ஆவியாதல்தான் காரணம் என்றால் காற்று வீசும் இரவில் அல்லவா அதிகப் பனிக்கட்டி கிடைத்திருக்க வேண்டும்? இம்முரண்பாட்டை எடுத்துக் காட்டி விடை கண்டவர் ஒரு மருத்துவர்.

மருத்துவரின் கம்பளிப் பஞ்சு

வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1757இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவர். இலண்டனில் புனித தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றினார். 1811 முதலான சில ஆண்டுகளில், உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும், நகருக்கு வெளியே ஒரு நண்பரின் தோட்டத்தில் இரவிரவாக விழித்திருந்து அவர் பனியை ஆராய்ந்தார். கருவிகள் மிகவும் எளியவை: சில வெப்பமானிகள், ஒரு தராசு, கொஞ்சம் கம்பளிப் பஞ்சு.

ஒவ்வொன்றும் 10 குன்று எடையுள்ள பஞ்சுப் பொதிகளை மாலையில் வைத்துக் காலையில் நிறுத்துப் பார்ப்பார். ('குன்று' என்று நாம் இங்கே குறிப்பது ஆங்கில நிறுத்தலளவையில் மிகச் சிறிய அலகு, ஏறக்குறைய 65 மில்லிகிராம்.) நான்கு கால்களின் மேல் நிறுத்திய ஒரு பலகையின் மேற்புறத்தில் ஒரு பொதியையும் அடிப்புறத்தில் ஒரு பொதியையும் கட்டி வைத்தார். காலையில் மேல்பொதி 14 குன்று நீரை ஏற்றிருந்தது. கீழ்ப்பொதி 4 குன்று மட்டுமே ஏற்றிருந்தது.

"பனி மேலிருந்து விழுகிறது, பலகை அதைத் தடுத்துவிட்டது" என்று நீங்கள் சொல்லலாம். அந்த எதிர்ப்பையும் வெல்ஸ் எதிர்பார்த்தார். காற்று அசையாத ஓர் இரவில், மேலும் கீழும் திறந்த இரண்டரை அடி உயரமுள்ள சுட்ட மண் குழாய் ஒன்றைப் புல்லின்மேல் நிமிர்த்தி வைத்து, அதனுள்ளே ஒரு பொதியை வைத்தார். குழாயின் வாய் வானத்தை நோக்கித் திறந்திருக்கிறது. பனி மழைபோல் நேராக விழுமானால் உள்ளே இருந்த பஞ்சும் வெளியே இருந்த பஞ்சும் சமமாகவே நனைய வேண்டும். வெளியே இருந்தது 16 குன்று நீரை ஏற்றது. உள்ளே இருந்ததோ 2 குன்றைச் சற்றே தாண்டியது!

இரண்டு பொதிகளுக்கும் என்ன வேறுபாடு? வெளியே இருந்த பஞ்சு வானம் முழுவதையும் 'பார்த்துக்கொண்டு' இருந்தது. குழாய்க்குள் இருந்த பஞ்சுக்கு ஒரு சிறு வட்ட வானமே தெரிந்தது. வானத்தை எவ்வளவு பார்க்கிறதோ அவ்வளவு குளிர்கிறது. எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு பனி படிகிறது. வெப்பமானியும் இதையே காட்டியது. தெளிந்த இரவில் புல், தன்னைச் சூழ்ந்த காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்திருந்தது. அதுவும் பனி படிவதற்கு முன்பே! பனியால் குளிர் வரவில்லை. குளிரால் பனி வந்தது.

பின்னர் அவர் தோட்டக்காரரின் பாயைச் சோதித்தார். ஆறு அங்குல உயரமுள்ள நான்கு குச்சிகளைப் புல்தரையில் நட்டு, அவற்றின்மேல் மிக மெல்லிய கைக்குட்டை ஒன்றை இழுத்துக் கட்டினார். நான்கு பக்கமும் காற்று தாராளமாக வந்து போயிற்று. ஆயினும் கைக்குட்டையின் கீழ் இருந்த புல், பக்கத்தில் திறந்து கிடந்த புல்லைவிடப் பல டிகிரி வெதுவெதுப்பாக இருந்தது. துணியைப் புல்லின்மேல் நேரே போர்த்தியபோது கிடைத்ததைவிட, சற்று உயரத்தில் கட்டியபோது கிடைத்த பாதுகாப்பே சிறந்தது என்பதையும் அவர் கண்டார்.

மெல்லிய பாயை விரித்துச் செடியைக் காக்க முயன்ற தோட்டக்காரர்களைத் தாமும் ஒரு காலத்தில் அரைகுறை அறிவின் செருக்கால் ஏளனமாகப் பார்த்தவரே என்று வெல்ஸ் தம் நூலில் ஒளிவுமறைவின்றி எழுதினார். 1814இல் வெளிவந்த அந்நூலுக்கு ராயல் சங்கம் ரம்ஃபோர்டு பதக்கம் அளித்தது. 1817இல் அவர் மறைந்தார்.

காசித் தட்டுகளின் புதிரும் இத்துடன் விடுபட்டது. தட்டுக்கு அடியில் பரப்பிய வைக்கோல் தரையின் வெப்பம் மேலே வராமல் தடுத்தது. பள்ளம் காற்றின் அசைவைத் தடுத்தது. தெளிந்த வானம் நீரின் வெப்பத்தைத் தடையின்றி வாங்கிக்கொண்டது. சிந்தித்துப் பாருங்கள்: பனிக்கட்டி செய்தவர்கள் வானத்திற்கும் நீருக்கும் இடையே இருந்த தடைகளை எல்லாம் நீக்கினார்கள். செடியைக் காத்தவர்கள் வானத்திற்கும் செடிக்கும் இடையே ஒரு தடையை வைத்தார்கள். இருவரும் ஒரே இயற்கை விதியின் இரண்டு பக்கங்களைக் கையில் பிடித்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர் பெயரும் வரலாற்றில் இல்லை.

வானத்துடன் ஒரு வரவு செலவுக் கணக்கு

வெல்ஸுக்கு வழிகாட்டிய கொள்கை ஜெனீவா நகரப் பேராசிரியர் பியேர் பிரெவோவுடையது. எல்லாப் பொருள்களும், குளிர்ந்தவைகூட, இடைவிடாமல் வெப்பக் கதிர்களை வெளிவிடுகின்றன. பிற பொருள்களிடமிருந்து கதிர்களைப் பெறவும் செய்கின்றன. வரவும் செலவும் சமமானால் வெப்பநிலை மாறாது. செலவு மிகுந்தால் பொருள் குளிரும். 1791இல் அவர் கூறிய இக்கருத்துக்கு, 1879இல் ஸ்டெஃபான் கண்ட விதி எண்களைக் கொடுத்தது. கதிர்வீச்சின் அளவு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அவ்விதி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0 டிகிரி சென்டிகிரேடு என்பது தனிவெப்பநிலையில் 273 டிகிரி. அந்நிலையிலுள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பு ஏறக்குறைய 315 வாட் ஆற்றலைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெளிவிடுகிறது. வானிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அதில் ஒரு பகுதிக்கு ஈடாகத் தம் கதிர்களைக் கீழே திருப்பி அனுப்புகின்றன. தெளிந்த, வறண்ட இரவில் அந்த வரவு 80 முதல் 100 வாட் வரை குறைவாகவே இருக்கும். அதாவது, ஒவ்வொரு சதுர மீட்டர் பயிர்ப்பரப்பும் இரவு முழுவதும் அந்த அளவு வெப்பத்தை விண்வெளிக்குத் தாரை வார்க்கிறது.

மேகம் வந்தால் கணக்கு மாறுகிறது. மேகத்தின் நீர்த்துளிகள் அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கி, தம் கதிர்களைக் கீழே அனுப்புகின்றன. செலவு ஏறக்குறைய முழுவதும் ஈடாகிறது. மேகம் இயற்கை விரித்த கைக்குட்டை. கைக்குட்டை மனிதன் விரித்த மேகம்!

மலையில் உறைபனி வருவதற்கு உயரத்தால் வரும் பொதுவான குளிர்ச்சி மட்டும் காரணம் அன்று. காற்று மண்டல நீராவியில் ஏறக்குறைய பாதி, கடல்மட்டத்திலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. உதகை அந்தப் போர்வைக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் சமவெளியில் நீராவிப் போர்வை கனமாக இருப்பதாலும் தொடக்க வெப்பநிலையே அதிகமாக இருப்பதாலும் நமக்கு நீர்ப்பனியோடு கதை முடிந்துவிடுகிறது. சென்னையில் இரவுக் குளிரால் பனிக்கட்டி செய்ய இயலவில்லை. அதனால்தான் அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்தது. அதைச் சேமிக்க 1842இல் கட்டிய கிடங்கே கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் 'ஐஸ் ஹவுஸ்'.

பள்ளத்தைத் தேடும் குளிர்

இனி நீலகிரிக்குச் செல்வோம். அங்கே உறைபனி முதலில் தலைகாட்டுவது எங்கே? தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டாச் சிகரத்திலா? இல்லை. காந்தல், தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற தாழ்வான புல்வெளிகளிலும் பள்ளத்தாக்குகளிலுமே.

காரணம் எளிது. கதிர்வீச்சால் குளிர்ந்த நிலம் தன்னைத் தொடும் காற்றையும் குளிரச் செய்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது நீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. இதனால் தெளிந்த, காற்றற்ற இரவுகளில் அடிவாரம் குளிர்ந்தும் மேடு சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். மேலே போகப் போகக் குளிரும் என்னும் வழக்கமான ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. திருத்தணி வாசகர்களுக்கு இது புதிதல்ல. டிசம்பர் 31ஆம் நாள் இரவு படித்திருவிழாவில் மலையின் 365 படிகளில் ஏறியவர்கள், வானம் தெளிந்து காற்று ஓய்ந்த ஆண்டுகளில், அடிவாரத்து வயல்வெளிகளில் தேங்கும் குளிர் படி ஏற ஏறக் குறைவதைக் கவனித்திருக்கலாம். ஏறிய களைப்பால் உண்டாகும் வெப்பத்தைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும்!

1819இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிய பின், அங்கே ஐரோப்பியக் காய்கறிகளும் உருளைக்கிழங்கும் வேரூன்றின. 1848இல் உதகைத் தாவரவியல் பூங்காவை அமைக்க வந்த மக்ஐவர், 1860க்குப் பின் மலேரியா மருந்தான கொயினா கிடைக்கும் சிங்கோனா மரங்களை வளர்க்கும் பொறுப்பையும் ஏற்றார். ஒவ்வொரு சிங்கோனா வகைக்கும் ஏற்ற உயரத்தையும் சரிவையும் தேட வேண்டியிருந்தது. குளிரைத் தாங்கும் வகை தொட்டபெட்டாச் சரிவிலும், வெதுவெதுப்பை விரும்பும் செம்பட்டை வகை அதற்குத் தாழ்ந்த நடுவட்டத்திலும் நடப்பட்டன. ஒரு மலையில் எங்கே நடுகிறோம் என்பதும் ஒரு பாதுகாப்பு முறையே. பள்ளத்தை விட்டுச் சரிவில் நட்டால் குளிர்ந்த காற்று பயிரைக் கடந்து போய்விடும். சரிவின் கீழே அடர்ந்த வேலி எழுப்பினால், அணைபோல் அது குளிரைத் தேக்கிப் பயிரைக் கெடுக்கும்.

இயற்கையும் இக்கணக்கைப் போட்டு வைத்திருக்கிறது. நீலகிரி உச்சியில் சோலைக்காடுகள் மலை மடிப்புகளில் திட்டுத் திட்டாக நிற்கின்றன; சுற்றிலும் பரந்த புல்வெளி. ஏன் காடு புல்வெளிக்குள் பரவவில்லை? 1938இல் வன அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் இதற்கு உறைபனியையே முக்கியக் காரணமாகக் காட்டினார். திறந்த புல்வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றை உறைபனி கொன்றுவிடுகிறது. சோலைக்குள் முளைக்கும் கன்றுக்குத் தாய்மரங்களின் இலைக்கூரை கைக்குட்டையாக நின்று காவல் காக்கிறது. தீயும் மேய்ச்சலுமே காரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் 1993இல் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரியின் சதுப்பு மண்ணிலுள்ள கரியணுக்களை ஆராய்ந்து, அப்புல்வெளிகள் பல்லாயிரம் ஆண்டுப் பழமையானவை, காலநிலை மாற்றத்திற்கேற்ப விரிந்தும் சுருங்கியும் வந்தவை என்று காட்டினர். மரமில்லாத நிலம் என்பதால் அது வீண்நிலம் என்று கருதி யூகலிப்டஸும் சீகையும் நட்டு நிரப்பியதன் விலையை இன்று நாம் உணர்கிறோம்.

ராம்தாஸ் கண்ட விந்தை

வெல்ஸுடன் கதை முடிந்துவிட்டது என்று உலகம் எண்ணியிருந்தபோது, இந்தியாவிலிருந்து மற்றொரு செய்தி கிளம்பியது. பாலக்காட்டைச் சேர்ந்த எல்.ஏ. ராம்தாஸ், சர் சி.வி. இராமனிடம் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றவர். 1932இல் பூனாவில் தொடங்கிய விவசாய வானிலையியல் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அதே ஆண்டில் அவரும் ஆத்மநாதனும் வெளியிட்ட அளவீடுகள் அறிஞர்களைத் திகைக்க வைத்தன. தெளிந்த, அசைவற்ற இரவில், வெறும் தரையின்மேல், மிகக் குளிர்ந்த இடம் தரை அன்று. தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே உள்ள காற்றுப் படலம்!

கதிர்வீச்சால் குளிர்வது தரை என்றால் தரையே அல்லவா மிகக் குளிர்ந்திருக்க வேண்டும்? வெப்பமானியில் பிழை இருக்கும் என்று பலர் ஒதுக்கினர். 1950களில் ராஷ்கே என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் பூனாவிலேயே அளந்து பார்த்து, ராம்தாஸ் சொன்னது சரியே என்று 1957இல் எழுதினார். இன்று அது 'ராம்தாஸ் படலம்' என்றே வழங்குகிறது. 1993இல் பெங்களூர் அறிஞர் ரொத்தம் நரசிம்மாவும் உடன் ஆய்வாளர்களும் இதற்குக் கணித விளக்கம் தந்தனர். பின்னர் அதே நகரத்து ஜவகர்லால் நேரு ஆய்வு மையத்தினர், தரையை ஒட்டி மிதக்கும் நுண்தூசிகள் வெப்பத்தை வெளிவிடுவதே முக்கியக் காரணம் என்று சோதனைகளால் காட்டினர். முளைத்து ஒரு சாண் உயரம் வந்த பயிரின் தலை, மிகக் குளிர்ந்த அந்தப் படலத்துக்குள்ளேதான் நிற்கிறது என்பதை உழவர் நினைவில் கொள்ள வேண்டும்.

எந்த முறை சரி, எது சரியில்லை?

காரணம் தெரிந்தால் முறைகளை எடைபோடலாம். நீலகிரித் தோட்டங்களில் இளம் தேயிலைச் செடிகளைப் பெரணி, காய்ந்த புல், தென்னங்கீற்று ஆகியவற்றால் மூடுகிறார்கள். இது வெல்ஸின் கைக்குட்டையேதான். மூடாக்கு இலையைத் தொடாமல் சற்று மேலே நின்றால் பயன் மிகுதி. வெயில் வந்ததும் நீக்கிவிட வேண்டும். இல்லையேல் பகல் வெப்பம் தரையில் சேராது.

மாலையிலேயே நிலத்தை நனைத்து வைப்பதும் நல்லது. ஈரமண் பகல் வெப்பத்தை அதிகம் சேமித்து இரவில் மெல்ல வெளிவிடும்.

இரவில் நீர் தெளிக்கும் முறை நுட்பமானது. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால் இலைமேல் நீர் உறைந்துகொண்டே இருக்கும் வரை இலையின் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும், உயிரணுச்சாறு உறைவதில்லை. ஆனால் தெளிப்பதை நடுவில் நிறுத்தினால் ஆபத்து. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 600 கலோரி வேண்டும். அதை இலையிடமிருந்தே பறிக்கும். ஏழு கிராம் உறைந்து கொடுத்ததை ஒரு கிராம் ஆவியாகி எடுத்துவிடும். தொடங்கினால் வெயில் ஏறிப் பனி உருகும் வரை தெளிக்க வேண்டும். முடியாதென்றால் தொடங்கக் கூடாது.

பிளினியின் புகை? அது ஏமாற்றுவது. புகைத்துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. இலை வெளிவிடும் கதிர்களின் அலைநீளம் 10 மைக்ரானை ஒட்டியது. அக்கதிர்கள் புகையை எளிதில் ஊடுருவிப் போய்விடும். பயன் தருவது நெருப்பின் வெப்பமே அன்றிப் புகை அன்று. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் எல்லாம் சரியாகவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பாயும் பழைய பழக்கம், புகையும் பழைய பழக்கம். எது நிலைக்கும் என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்கு நீலகிரிக்குப் போக வேண்டியதில்லை. தை மாதத்தில் வானம் தெளிந்த ஓர் இரவு போதும். மொட்டை மாடியில் இரண்டு வைக்கோல் பரப்புகள் அமையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறிய வெப்பமானியையும், சம எடையுள்ள ஒரு பஞ்சுப் பொதியையும் வையுங்கள். ஒன்றின்மேல் நான்கு குச்சிகள் நட்டு, ஒரு சாண் உயரத்தில் பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். மற்றதைத் திறந்தே விடுங்கள். விடியுமுன் வெப்பமானிகளைப் படித்துக் குறித்துக்கொண்டு, பஞ்சுகளை நிறுத்துப் பாருங்கள். மேகமூட்டமான ஓர் இரவிலும் இதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டு இரவுகளின் எண்களையும் அருகருகே எழுதினால், வெல்ஸ் கண்டது உங்கள் நோட்டுப் புத்தகத்திலும் தெரியும்.

பள்ளத்தில் வைக்கோல் பரப்பிய வங்காளத் தொழிலாளியும், பாயை விரித்த தோட்டக்காரரும், பெரணி மூடும் நீலகிரிப் பெண்மணியும் நான்காம் அடுக்கு விதியைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் கைகள் கண்டறிந்ததை விளக்கவே அந்த விதி தேவைப்பட்டது. அடுத்த முறை வீட்டுப் பெரியவர் ஒருவர் "பனி பெய்கிறது" என்று சொன்னால், பனி பெய்வதில்லை என்று நீங்கள் அவருக்கு எடுத்துச் சொல்லலாம். ஆனால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சொல்லுங்கள்.